முதுகு மட்டும் தெரிந்த படம்

"காபி மெஷினை எப்படி எட்டி உதைக்கிறான் பாருங்க!"

மனித நடத்தை நிபுணர் கேமரா பதிவை அங்கேயே நிறுத்தினார். திரையில் ஆளின் முகம் தெரியவில்லை; முதுகும் கம்பெனியின் நீலக் கோட்டும்தான் தெரிந்தன. கம்பெனிப் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில் ஸ்டோர்கீப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. போன வாரம் அவர் அந்த மெஷினை உதைத்திருந்தார்.

"வெளிநாட்டுக் கிளையில இவ்வளவுதான் காட்டினேன். 'முரடன், வேலையை விட்டுத் தூக்குங்க'ன்னாங்க. நீங்க?"

"பாவம் சார், கப் விழாமலே காபி ஊத்துது" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"கையில போன் வேற அடிக்குது. சாமியாருக்கே கால் தானா தூக்கும்" என்றார் டிரைவர்.

நிபுணர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்க ஊர்ல ஆளை மறந்துட்டு மெஷினைத்தான் ஞாபகம் வெச்சுக்கிறீங்க! செய்கைதான் குணம். இவன் முரடனேதான்!"

ஆவேசத்தில் அவர் கை பட்டு, நின்றிருந்த படம் மறுபடி ஓடியது. உதைத்தவர் திரும்பினார். முன் வரிசையில் அதே முகத்துடன் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஆனா... சூழ்நிலைன்னு ஒண்ணு இருக்கே" என்று குழைந்தார் நிபுணர். "அக்கா சொன்னதுதான் சரி. குத்தம் மெஷின் மேலதான்!" அவசரமாகப் படத்தை அணைத்தார்.

ஸ்டோர்கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருடைய உதை, அதே பதிவில் அதற்கடுத்த ஐந்தாவது நிமிடத்தில் இருந்தது.