நிகழ்காலமா, இறந்தகாலமா?

பீளமேட்டில் ஒரு கம்பெனியின் வரவேற்பு வேலைக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. அதற்காக மனைவி சண்முகப்ரியாவுக்குக் கிருபாசங்கர்தான் ஒரு மாதமாக இங்கிலீஷ் சொல்லித் தந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவளே நோட்டோடு வந்தாள்.

“ஏனுங்க, ‘என் பழைய டீச்சரை விட புது டீச்சர் நல்லாச் சொல்லித் தர்றாங்க’ன்னு இங்கிலீஷ்ல எழுதோணும். புதுசுக்கு நிகழ்காலம் போட்டுட்டேன். பழசுக்கு எந்தக் காலமுங்க?”

கிருபாசங்கருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. புது டீச்சர் தான்தான்; பழையவர், பாவம், இவளுடைய பள்ளிக்கூட டீச்சர் என்று நினைத்துக்கொண்டான்.

“ரெண்டு பக்கமும் ஒரே காலமா இருக்கோணும்னு இல்ல அம்மணி. பழைய டீச்சர் இன்னும் சொல்லித் தர்றாங்களா?”

“இல்லீங்க, நின்னுபோச்சு.”

“அப்ப இறந்தகாலம். யோசிக்காம போடு.”

அவள் எழுதிக்கொண்டாள்.

“ஏன், அவங்களுக்குச் சரியா இங்கிலீஷ் தெரியாதா?” பெருமை தாங்காமல் கேட்டான்.

“நல்லாத் தெரியுமுங்க. கோவந்தான் சாஸ்தி. ஒரு தப்பு வந்தாப் போதும், கத்துவாங்க.”

“கத்துனா எப்படி இங்கிலீஷ் வரும்? அப்படிப்பட்ட ஆளை விட்டதே நல்லது!”

சண்முகப்ரியா தலையாட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“கிளாஸுக்குங்க. நேத்துத்தான் அக்ஷயா டீச்சர்கிட்டச் சேர்ந்தேன். பொறுமையாச் சொல்லித் தர்றாங்க.”

“அப்ப அந்தப் பழைய டீச்சர்...?”

“இறந்தகாலம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க!”