செவனம்மாவின் மாத்திரை உறை

ஹட்டன் நகரத்துச் சட்டத்தரணியின் மேசையில் செவனம்மாவின் மாத்திரை உறையை வைத்தாள் ஜெஸீமா.

"பிரஷர் மாத்திரைக்குப் பதிலா மருந்துக்கடையில சீனி வியாதி மாத்திரையைக் குடுத்துட்டாங்க சார். மயங்கி விழுந்து, இடுப்பு ஒடைஞ்சு ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட அவங்களுக்கு உரிமை இருக்கு. புள்ளைங்க யாரும் வரலையா?"

"யாருமில்லைங்க. தோட்டத்து லயன் வீட்டுல தனியா இருந்தவங்க. வயசாலதான் மயக்கம் வந்துச்சுன்னு நெனைச்சிட்டிருக்காங்க."

"கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. சாட்சி வேணுமே."

"நான் சொல்றேன்."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

ஜெஸீமா மாத்திரை உறையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தக் கடையில வேலை செய்யறவ நான். மாத்திரையை மாத்திக் குடுத்தது நான்தாங்க."

சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான் சார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க அவங்களுக்கு நான் ஒருத்திதான். பெத்த மக மாதிரின்னு சொல்லி என் கையை விடவே மாட்டாங்க. இன்னைக்கு நான் சொன்னதும் கையை விட்டுருவாங்க."