பழைய ஸ்பீக்கர்தான் வேணும்

சிராங்கூன் சாலைக் கடைக்குள் இடுப்பு உயர ஸ்பீக்கர்கள் இரண்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்தினார் சுலோச்சனா.

“ஓரத்து ஃபோம் கிழிஞ்சுபோச்சு. மாத்திக் கொடுங்க தம்பி.”

கடைக்கார நவீன் சிரித்தான். “ரொம்பப் பழசு ஆன்ட்டி. புதுசு வாங்குங்க லா. கையளவுதான், துல்லியமா கேட்கும்.”

அவன் முகத்தையே பார்த்திருந்தவர், “என் மகளும் இதையேதான் சொன்னா. எனக்கு இதுதான் வேணும்,” என்றார்.

மறுவாரம் ஃபோமை மாற்றிப் பாட்டுப் போட்டான். சுலோச்சனா பெட்டியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“சத்தம் போதுமா ஆன்ட்டி?”

பின்னாலிருந்து இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. தோளைத் தொட்டான்.

“எனக்குக் காது கேட்காது தம்பி. பேசுறவங்க உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்குவேன்,” என்றார் திரும்பி. “இன்னும் கூட்டுங்க. மிருதங்கம் இப்பத்தான் கைக்கு வருது.”