கலங்கல்

அசிட்டிலீன் ஆலையில் எல்லோருக்கும் லேப் அக்காவான அவள், குவளையை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள். தெளிந்திருக்க வேண்டிய தண்ணீரில் வண்டல் நூல் நூலாகச் சுழல்கிறது. காலையிலிருந்து இதுதான் கார்பைடுத் தொட்டிக்குப் போகிறது. வண்டல் குழாயை அடைத்து, கார்பைடில் விழும் தண்ணீர் குறைந்துவிட்டால் தொட்டி சூடேறி வெடித்துவிடும். அங்கே நிற்பவன் அவளுடைய சொந்தத் தம்பி. போனை எடுக்கிறாள். “உள்ள தண்ணி விழுதாடா?” “சலசலன்னு விழுதே, கேக்கலியா?” கேட்கிறது. போன உயிர் திரும்பி வருகிறது. “சூடு எவ்வளவு காட்டுது?” “முள்ளு சிவப்புக்கோட்டுக்குப் போயிடுச்சு. தண்ணி விழுறப்போ எப்படிச் சூடாகும்? முள்ளுக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்குக்கா.” அவன் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால், “நான் கை கழுவியாச்சு, நீ வாப்பா” என்று ஒரு குரல். குழாயைத் திருகி மூடும் கிறீச். போனில் சலசலப்பு நின்றுபோகிறது. தம்பியின் சிரிப்பும்.