அடித்தட்டுக் கீரை

போன தவக்காலத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து நடந்து வரும்போது பியூலா அக்காதான் இதை எனக்கு முதலில் சொன்னார்.

ஜெசிந்தா வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் அவள் மாதச் சந்தா கட்டியிருந்த ஒரு தோட்டத்திலிருந்து அவள் பங்குக்கு ஒரு பை காய்கறி வரும். அப்படி வந்த முளைக்கீரைக் கட்டொன்று, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பீட்ரூட்டுக்குப் பக்கத்தில் இருப்புக்கொள்ளாமல் தவித்தது. காலையில் கதவு திறந்தாலே நிமிர்ந்து பார்க்கும்.

"ஆய நேரமில்லை, சாயங்காலம் பார்க்கலாம்" என்பாள் ஜெசிந்தா. வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடும். "ராத்திரியில கீரை ஆகாது" என்று மூடிவிடுவாள்.

"ஏன் தங்கச்சி பறக்கிறே? என்னைப் பாரு, மாசக்கணக்கா உட்காருவேன்" என்றது பீட்ரூட்.

"உங்களுக்குத் தோல் தடிப்பு அண்ணே. எனக்கு இலையெல்லாம் மஞ்சளடிக்குதே!"

மறு சனிக்கிழமை மத்தியானம் புதுக் கீரைக்கட்டு ஒன்று உள்ளே வந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கக்கா. என்னை நாளைக்குச் சமைச்சிடுவாங்களாம்."

துவண்டு கிடந்த பழைய கீரை பதறி எழுந்தது. "ஐயோ, உட்காராதேடி! வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கு. கதவை மூடுறதுக்குள்ள அவ கையைப் பிடிச்சுக்கோ!"

நீங்களும் இருட்டுறதுக்குள்ள உங்க வீட்டு அடித்தட்டை ஒருதரம் திறந்து பாருங்களேன்.