கூரைமேல் புகை

"மறுபடியும் அந்த மீன்காரம்மா வந்துட்டாங்களா?" அருங்காட்சியகக் காப்பாளர் குஸுமி முகம் சுளித்தார்.

வந்துவிட்டாள். சந்தை முடிந்த கையோடு, ரப்பர் பூட்ஸில் தண்ணீர் சொட்டச் சொட்ட. கூடத்தின் மங்கல் வெளிச்சத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்த தொமோயே மட்டும் எழுந்து அவளருகே போனாள். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

மீன்காரம்மா ஓயிகவா நேராக அந்த ஒரே படத்தின் முன்னால் போய் நின்றாள். மரப்பலகையில் செதுக்கி அச்செடுத்த பழைய படம். மழையில் ஒரு மீன்பிடித் துறை, கரையோரம் ஏழெட்டுக் கூரைகள்.

"தங்கச்சி, படத்துக்குக் கீழ இருக்கிற சீட்டைப் படி. கண்ணாடியைக் கடையிலேயே வச்சிட்டேன்."

தினமும் இதே பாட்டுத்தான். தொமோயே ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் படித்தாள்.

"கடைசிக் கூரை எங்க வீடு. அதுக்கு மேல பழுப்பா ஒரு கறை இருக்கு பாரு. காகிதம் பழசானதுல வந்ததாம். எனக்கென்னவோ அது புகை. எங்கம்மா மீன் சுடுறா."

கடல் பொங்கி அந்த ஊரை வழித்துக்கொண்டு போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. வீட்டோடு போட்டோக்களும் போயின. அந்த வீட்டைப் பார்க்க அவளுக்கு மிச்சம் இந்தப் படம்தான்.

ஞாயிற்றுக்கிழமை, படத்தைக் கழற்றி உள்ளே வைக்கும் நாள், ஓயிகவா குஸுமியின் முன்னால் குனிந்து நின்றாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமே ஐயா."

"முடியாதும்மா. ஒரு மாசம் வெளிச்சம் பட்டா அஞ்சு வருஷம் இருட்டுல இருக்கணும். இல்லேன்னா நீலம் வெளுத்துடும். உங்க ஒருத்தருக்காக விதியை மாத்த முடியாது."

கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டினாள் தொமோயே.

திங்கள் விடுமுறை. செவ்வாய் காலை வந்து பார்த்தால் படம் அதே இடத்தில் இருந்தது.

"புதுசா அச்செடுத்த நகல். என் வீட்டுச் சுவர்ல இருந்தது," என்றார் குஸுமி, தரையைப் பார்த்தபடி. "சீட்டுல நகல்னு போட்டிருக்கேன். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா படிச்சுக் காட்டப் போறது நீங்க."

பத்துத் தடவையாவது கடிகாரத்தைப் பார்த்திருப்பாள் தொமோயே. ஒருவழியாக ஓயிகவா வந்தாள்.

"படி தங்கச்சி."

தொமோயே அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு மீதியைப் படித்தாள்.

ஓயிகவா வழக்கத்தைவிட நெடுநேரம் நின்று பார்த்தாள். பிறகு குஸுமியைத் தேடிப் போய் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மனசு இரங்கிட்டீங்க ஐயா. இனி தினமும் வருவேன்."

குஸுமி முகம் சிவந்து அறைக்குள் ஓடிவிட்டார்.

வாசலில் குடையை எடுத்தவள், தொமோயேவின் காதருகே வந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடாதே. பாவம், எனக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கார்."

"எதைச் சொல்லக் கூடாது அக்கா?"

"இன்னிக்கு எங்கம்மா அடுப்பே மூட்டலையே."