பழைய மெஷின் ரூம்

“கவுண்டர்ல எந்த மெஷின் வேணும்னு கேட்டாங்க. புதுசையே போடச் சொல்லிட்டேன்” என்றாள் கசுமி, கரோக்கே அறையின் கதவைத் தள்ளியபடியே.

“பழைய மெஷின் ரூம் காலியா இல்லையா?” மினோரி வாசலிலேயே நின்றாள்.

“அதுல என்ன இருக்கு? பாதிப் பாட்டு கிடையாது. திரையும் மங்கல். இன்னிக்கு உங்க தாத்தா பிறந்தநாள், கொஞ்சம் நல்லா இருக்கட்டுமே.”

“சரி, கசுமிசான்.”

பதின்மூன்று வயது மினோரியின் வாயில் ‘கசுமிசான்’தான் வரும். அதில் மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே ‘சான்’தான் போடுவாள். அதுதான் கசுமிக்குக் குத்தியது. மினோரியின் அப்பா யசுஹிரோவுக்கு இரண்டாம் தாரமாக வந்து இரண்டு வருஷமாகிறது. மினோரியின் அம்மா சயோகோ டோக்கியோவில் ஏதோ நாடகக் குழுவில் இருந்தவள், காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்பதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசியதில்லை. பூஜை அலமாரியில் இருக்கும் அவள் படத்துக்குத் தினமும் காலையில் முதல் சோற்றை எடுத்து வைப்பது கசுமிதான். கண்ணை இடுக்கி, இடது கன்னத்தில் மட்டும் குழி விழச் சிரிக்கும் படம். இன்று காலையும் வைத்தாள். யாரும் சொல்லிச் செய்வதில்லை, யாரும் மெச்சியதும் இல்லை.

அவளுக்கு இன்று ஒரே ஆசை. தாத்தா முதல் பேத்தி வரை நாலு பேரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும். ஒரே ஒரு பாட்டாவது சேர்ந்து பாடிவிட்டால் தானும் இந்த வீட்டு மனுஷி ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒரு வாரமாகத் தேடி, எல்லாக் காலத்துப் பிள்ளைகளும் பார்த்த ஒரு கார்ட்டூன் பாட்டைப் பிடித்து வைத்திருந்தாள்.

பாட்டைப் போட்டாள். மாமனார் குனிகிச்சி முதல் சரணத்தோடு நிறுத்திவிட்டு பொரித்த கோழியை எடுத்துக்கொண்டார். யசுஹிரோ அறையில் கிடந்த கஞ்சிராவைத் தட்டினான், தாளம் வேறெங்கோ போயிற்று. மினோரியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் கசுமி தனியாகப் பாடி முடித்தாள். மூன்று பேரும் நன்றாகவே கைதட்டினார்கள்.

அடுத்து மினோரி பாட்டைத் தேர்ந்தெடுக்கும் டேப்லெட்டை வாங்கி, வழக்கம்போல அந்தப் பழைய துறைமுகப் பாட்டைப் போட்டாள். அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு வந்த அழுமூஞ்சிப் பாட்டு. திரையில் பனிமலை வந்தது. முன்னிசை முடிவதற்குள் நிறுத்திவிட்டாள்.

“இது இல்ல.”

“அதே பாட்டுதானே!”

“ரூம் மாத்திக்கலாம், ப்ளீஸ்.”

கசுமிக்குப் பொறுமை போய்விட்டது. “ஒவ்வொரு தடவையும் இதே கதை. நீ வாயைத் திறக்கிறதில்ல, தாத்தாவைப் பாட விட்டுட்டு உக்காந்திருப்ப. உங்கப்பா இந்தப் பாட்டு வந்தாலே கிளாசைத் தூக்கிட்டு வெளிய போயிடுறார். எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. எல்லாரும் சேர்ந்து ரசிக்கிற பாட்டா இது?”

“ஆமா. இதுலதான் நாங்க எல்லாரும் சேர்ந்து இருக்கோம்.”

அந்த ‘நாங்க’ கசுமியின் மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது.

குனிகிச்சி தொண்டையைச் செருமினார். “பிறந்தநாள் எனக்குத்தானேம்மா? அந்த ரூமுக்கே போயிடுவோம். கோழி ஆறுறதுக்குள்ள.”

பழைய அறையில் சோபா உள்வாங்கிக் கிடந்தது. பாட்டு தொடங்கியது. மாமனார் கரகரத்த குரலில் பாடினார். யசுஹிரோ நாலு கிளாசையும் தட்டில் அடுக்கிக்கொண்டு குளிர்பானம் எடுக்கக் கிளம்பினான்.

மற்றவர் பாடும்போது எல்லாரும் செய்வதைத்தான் கசுமியும் இத்தனை நாளும் செய்து வந்தாள். டேப்லெட்டில் தலையைக் கவிழ்த்து அடுத்த பாட்டைத் தேடுவாள், முடிந்ததும் நிமிராமலே கைதட்டுவாள். இன்று தேட மனம் வரவில்லை. யாருக்காகத் தேடுவது? டேப்லெட்டை ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். பார்க்க வேறெதுவும் இல்லாததால் திரையைப் பார்த்தாள்.

பாட்டு வரிகளுக்குப் பின்னால் ஓடும் வழக்கமான படம்தான். பெயர் தெரியாத நடிகர்களை வைத்து எடுத்தது, மெஷினுக்கு மெஷின் மாறும், பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சாயம் போன துறைமுகம், மழை. சிவப்புக் குடையோடு ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். கப்பலுக்குக் காத்திருக்கிறாளோ என்னவோ. மினோரி முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் திரையையே பார்த்திருந்தாள். கிளம்பிய யசுஹிரோ போகவில்லை. காலி கிளாஸ்களோடு கதவோரம் நின்றிருந்தான்.

கடைசிச் சரணம் வந்தது. குடைக்காரி நின்று, குடையை மடக்கி, மெல்லத் திரும்பினாள். கண்ணை இடுக்கிச் சிரித்தாள், இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது.

காலையில் கசுமி சோறு வைத்தது அந்தச் சிரிப்புக்குத்தான். பாட்டு முடிந்ததும் யாரையும் கேட்காமல் டேப்லெட்டை எடுத்து, அதே பாட்டை இன்னொரு தடவை போட்டாள்.